குழாயும் வீதியும் சேர்ந்தே முடங்கும்: கொழும்பு எதற்குத் தயாராக வேண்டும்?

2025ஆம் ஆண்டு கொழும்புக்கு இரண்டு சோதனைகளை வைத்தது. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் மின்சாரம் இல்லாமல் ஆக்கியது. கரன்ட் போன கையோடு பல இடங்களில் குழாயும் வறண்டது. அப்புறம் நவம்பர் கடைசியில் டித்வா புயல். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த நாட்களில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவை, கடுவெல பகுதிகளுக்குள் புகுந்தது. வீட்டைச் சுற்றி எங்கும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. கொண்டு வந்து கொடுக்க ஆட்கள் இருந்தார்கள், வருவதற்குப் பாதை இல்லை.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரு சபையின் வேலை, வீதி இன்னொரு அதிகாரசபையின் வேலை என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அவசர காலத்தில் அந்தப் பிரிவினை செல்லாது. குடிநீர்க் குழாய் வீதிக்கு அடியில் போகிறது. குழாய் நின்றால் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி அதே வீதியின் மேல் வர வேண்டும். உடைந்த குழாயைத் திருத்த வருபவர்களும், தீயணைப்பு வண்டியும், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸும் அதே வீதியைத்தான் நம்பியிருக்கின்றன. கொழும்பின் அவசரத் திட்டம் எதுவானாலும் இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் போடப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே நீர் வரத் தொடங்கியதுதான் கொழும்பின் நவீன குடிநீர் வழங்கலின் ஆரம்பம். பிறகு அதற்குப் பக்கத்தில் களட்டுவாவ நீர்த்தேக்கம் சேர்ந்தது. இரண்டும் அவிசாவளைப் பக்கத்துக் காட்டு மலைகளுக்கு நடுவே, நகரத்தைவிட உயரமான இடத்தில் இருக்கின்றன. அதனால் நீர் தன் எடையாலேயே பள்ளத்தை நோக்கி ஓடி வந்துவிடும். மருதானைக்குப் பக்கத்தில் மாளிகாகந்தை மேட்டிலும், வடக்கே முகத்துவாரப் பக்கத்தில் எலி ஹவுஸ் மேட்டிலும் சேமிப்புத் தொட்டிகளைக் கட்டியதற்கும் அதே காரணம்தான். மேட்டில் தண்ணீர் இருந்தால் கீழே இருக்கும் தெருக்களுக்கு அது தானாக இறங்கும்.

நகரம் பெருத்தபோது இந்த மலை நீர் போதவில்லை. களனி கங்கைக் கரையில் அம்பத்தளை சுத்திகரிப்பு நிலையம் வந்தது. இன்று கொழும்பு பெரும்பாலும் குடிப்பது களனி நீரைத்தான். ஆற்றின் வடகரையில் பியகம நிலையம் பின்னாளில் கட்டப்பட்டது. தெற்குப் புறநகர்களுக்குக் களு கங்கை நீர் போகிறது. லபுகமவையும் களட்டுவாவவையும் சேர்த்தாலும் அம்பத்தளை தரும் அளவுக்குக் கிட்டவும் வராது.

மலை நீருக்கும் ஆற்று நீருக்கும் உள்ள வித்தியாசம் அவசர நேரத்தில்தான் தெரியும். ஆறு தாழ்ந்த இடத்தில் ஓடுகிறது. அதிலிருந்து நீரை எடுக்கவும், சுத்திகரிக்கவும், நகரத்தின் மேட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றவும் ஒவ்வொரு படியிலும் பம்ப் வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். நாடு தழுவிய மின்தடை 2016, 2020, 2021, 2023, 2025 என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இதை இனியும் எதிர்பாராத விபத்து என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சில வருடங்களுக்கு ஒரு முறை வந்தே தீரும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, பெரிய நிலையங்களில் எத்தனை மணித்தியாலத்துக்கு மாற்று மின்சாரம் இருக்கிறது, அது எந்தெந்தப் பம்பை ஓட்டும், அதற்கான டீசல் எங்கே கிடக்கிறது என்பதையெல்லாம் மக்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற யாருக்கும் டீசல் பற்றிய கேள்வி சின்னதாகத் தெரியாது.

மின்சாரம் இருந்தாலும் ஆறு தன் பங்குக்குச் சோதிக்கும். கடலிலிருந்து அம்பத்தளை அதிக தூரமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களில் ஆற்றின் ஓட்டம் குறையும்போது கடல் நீர் மேலேறி வரும். வருடக்கணக்காக மணல் அள்ளியதால் ஆற்றுப் படுக்கை தாழ்ந்துபோக, உப்பு நீருக்கு அது இன்னும் வசதியாயிற்று. இதைத் தடுக்கக் கோடை காலத்தில் மணல்மூட்டைகளை அடுக்கித் தற்காலிக அணை போடுவது நீண்டகால வழக்கமாக இருந்தது. நிரந்தரத் தடுப்புக்கான வேலையைக் கையில் எடுக்கவே பல காலம் ஆயிற்று. மேல்நோக்கிப் பார்த்தால் கரை நெடுகத் தொழிற்சாலைகள். 2015 ஆகஸ்ட்டில் ஓர் ஆலையிலிருந்து கசிந்த டீசல் ஆற்றில் கலந்தபோது நீர் எடுப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று வெள்ளமும் இல்லை, புயலும் இல்லை. ஆற்றில் மிதந்து வந்த எண்ணெய்ப் படலம் ஒன்றே போதுமாக இருந்தது.

நகரத்துக்குள் வந்த நீருக்கும் பாதை லேசானதல்ல. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் கொழும்பு மாநகருக்குள் அனுப்பப்பட்ட நீரில் ஏறக்குறைய பாதி, ஒழுக்கிலும் கணக்கில் வராத இணைப்புகளிலும் போய்க்கொண்டிருந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு பழைய குழாய்களை மாற்றும் பெரிய வேலைத்திட்டம் 2012க்குப் பிறகு தொடங்கி, நிலைமை நன்றாகவே முன்னேறியது. இந்த வேலையை நான் மிக முக்கியமான அவசரத் தயாரிப்பாகப் பார்க்கிறேன். காரணம், ஒழுகும் குழாயில் நீர் மட்டும் வெளியே போவதில்லை, அழுத்தம் குறையும்போது வெளியில் இருப்பது உள்ளேயும் வரும். நீர்வெட்டு முடிந்து குழாயைத் திறந்ததும் கலங்கலாக வருகிறதே, அது பெரும்பாலும் துருவும் மண்டியும். வெள்ளத்தில் வடிகானும் கழிவுநீரும் நிரம்பி நிற்கிற ஒழுங்கையில் அழுத்தமில்லாத பழைய குழாய் கிடந்தால் அதற்குள் புகுவது துருவைவிட மோசமானது. வெள்ளப் பகுதிகளில் தண்ணீர் திரும்பி வந்த பிறகும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி வீதிக்கு வருவோம்.

கொழும்பின் மேற்கே கடல், வடக்கே களனி கங்கை, கிழக்கே தியவன்னா ஓயாவும் சதுப்பு நிலங்களும். நகரத்துக்குள் கால்வாய்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. ஆகவே எந்தப் பக்கம் போனாலும் எங்கோ ஒரு பாலத்தைக் கடந்தாக வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்குப் போகக் கால்வாயைக் கடக்க வேண்டும். வத்தளைக்குப் போகக் களனிப் பாலம். 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறந்தது வடக்கு வாசலுக்குப் பெரிய பலம். 2013இல் வந்த கட்டுநாயக்க அதிவேக வீதியும், கொட்டாவையைக் கெரவலப்பிட்டியோடு இணைக்கும் வெளிச்சுற்று வட்ட அதிவேக வீதியும் நகரத்துக்கு வெளியே உயரமான பாதைகளைத் தந்திருக்கின்றன. ஆனால் அதிவேக வீதியிலிருந்து இறங்கி வெல்லம்பிட்டியில் ஒரு வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் அப்படியே தாழ்வாகத்தான் இருக்கிறது.

அம்பத்தளை நிலையம் இருப்பது எங்கே என்று பாருங்கள். ஆற்றை ஒட்டிப் போகும் பழைய அவிசாவளை வீதியோரம். களனி பெருகினால் முதலில் மூழ்கும் வீதிகளில் அதுவும் ஒன்று. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் இடத்துக்கு வேலையாட்களும், குளோரினும், எரிபொருளும், உதிரிப்பாகங்களும் போய்ச் சேர வேண்டிய பாதை, நகரத்துக்கு அவை மிக அவசரமாகத் தேவைப்படும் அதே நாளில் தண்ணீருக்குள் போகக்கூடியது. நீர் வழங்கல் திட்டத்தைத் தனியாகவும் வீதித் திட்டத்தைத் தனியாகவும் வாசித்தால் இந்த ஆபத்து இரண்டிலுமே கண்ணில் படாது.

களனியின் வெள்ளத்தை நாகலகம் வீதியில் உள்ள அளவுகோலை வைத்துச் சொல்வது நீண்ட நாள் வழக்கம். 5 அடியைத் தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெரு வெள்ளம், 9 அடிக்கு மேல் அபாய வெள்ளம். 1947இல் அது 12 அடியையும் தாண்டியது. 2016 மே மாதம் 7 அடிக்குச் சற்று மேலே போனதற்கே கொலன்னாவைப் பக்கம் என்ன பாடுபட்டது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 1947க்குப் பிறகு அந்தத் தாழ்நிலங்களில் எத்தனை வீடுகள் எழும்பியிருக்கின்றன என்று யோசித்தால், அதே அளவு வெள்ளம் இன்று வருவதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆறு பெருகாமலே நகரம் மூழ்குவதும் உண்டு. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் போனது. அதன் பிறகுதான் உலக வங்கியின் உதவியோடு கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டம் வந்து கால்வாய்களும் நீரேற்று நிலையங்களும் சீராகின. 2018இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. பத்தரமுல்லைப் பக்கம் எஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்கள் மழை நீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகின்றன. அதில் ஒரு பேர்ச் நிரப்பினாலும் அந்தத் தண்ணீர் யாரோ ஒருவருடைய வீதிக்கு வந்துதான் நிற்கும். வீதிகளைப் பாதுகாக்கச் செலவில்லாத வழி, அந்த நிலங்களைத் தொடாமல் விடுவது.

சரி, குழாயும் நின்று வீதியும் நின்றால் கணக்கு எப்படிப் போகும்? நிவாரணப் பணிகளுக்கான சர்வதேச அளவுகோல், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீட்டர் என்கிறது. குடிக்க, சமைக்க, கை கால் கழுவ மட்டும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி பக்கம் ஒரு இலட்சம் பேருக்குக் குழாய் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 15 இலட்சம் லீட்டர் வேண்டும். 6,000 லீட்டர் பிடிக்கும் பவுசர் என்றால் 250 நடை. நிரப்பி, வந்து, வரிசையில் நிற்பவர்களின் வாளிகளுக்கு ஊற்றி, திரும்பிப் போய் நிரப்ப, ஒரு பவுசர் நாளைக்கு ஆறு நடை ஓடும் என்று கொண்டால் நாற்பதுக்கு மேல் பவுசர்கள் தேவை. வீதி மூழ்கிச் சுற்றிப் போக நேர்ந்து அது மூன்று நடையாகக் குறைந்தால் எண்பதுக்கு மேல். தண்ணீர் அதேதான், ஆட்கள் அதேதான். வீதி கெட்டதால் மட்டும் தேவை இரண்டு மடங்காகிவிடுகிறது. பவுசரை மட்டும் நம்பி ஒரு நகரம் இருக்க முடியாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

அப்படியானால் தண்ணீர் மக்களுக்குப் பக்கத்திலேயே முன்கூட்டி இருக்க வேண்டும். 1906 பூகம்பத்தில் சான் பிரான்சிஸ்கோவில் குழாய்கள் உடைந்து, தீயை அணைக்க நீரில்லாமல் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. அதற்குப் பிறகு அந்த நகரம் குடிநீர்க் குழாய்களோடு சேராத தனியான தீயணைப்புக் குழாய்த் தொகுதி ஒன்றை அமைத்தது. நாற்சந்திகளின் அடியில் நிலத்தடித் தொட்டிகளையும் கட்டியது. வீதியில் வட்டமாகப் பதித்த செங்கற்களைப் பார்த்தால் அடியில் தொட்டி இருக்கிறது என்று அர்த்தம். குழாய் எல்லாம் போனாலும் அந்தச் சந்தியில் தண்ணீர் இருக்கும். நமக்குப் பூகம்பம் பெரிய பயமில்லை. ஆனால் வீதியைத் தோண்டும் போதே அடியில் தண்ணீரைச் சேமிக்கலாம் என்ற யோசனை இங்கேயும் பொருந்தும். பாடசாலை மைதானம், கோயில் வளவு, விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் என்று வெள்ளம் வந்தால் மக்கள் போய்ச் சேரும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றில் மேடான இடங்களைத் தேர்ந்து பெரிய தொட்டிகளும் கையால் இயக்கும் பம்பும் வைப்பதற்குப் பெரிய கடன் திட்டம் தேவையில்லை.

தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் பாதிக்கப்படுவது எப்போதும் ஒரே மக்கள். 2022 செப்டம்பரில் தொட்டலங்க கஜீமாவத்தையில் தீ பரவி ஏராளமான பலகை வீடுகள் எரிந்துபோயின. ஜிந்துப்பிட்டியிலும் கிராண்ட்பாஸிலும் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கைகள் அவை. தீயணைப்பு வண்டி வீதியில் நின்றுவிடும், குழாயைத்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த வீதியோரத்தில் நீர் எடுக்கும் முனை வேலை செய்ய வேண்டும், அதில் அழுத்தம் இருக்க வேண்டும், அதன் மேல் யாரும் வாகனம் நிறுத்தியிருக்கக் கூடாது. முனைகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்த்து, வேலை செய்வது எது, செய்யாதது எது என்று ஊருக்குச் சொன்னால் பாதிப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

வீதிக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்: வால்வு மூடி. தாரில் பதித்த, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு மூடி. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் அதற்கு இரண்டு பக்கமும் உள்ள வால்வுகளை மூடினால் அந்தத் துண்டு மட்டும் நிற்கும், மற்றத் தெருக்களுக்குத் தண்ணீர் போகும். வீதிக்குப் புதிதாகத் தார் போடும்போது அந்த மூடிகளை உயர்த்தி வைக்காமல் மேலேயே தார் ஊற்றிவிட்டால், குழாய் வெடித்த இரவில் வேலையாட்கள் டோர்ச் லைட்டோடு நின்று வீதியைக் கொத்தித் தேட வேண்டும். கிட்ட உள்ளது கிடைக்காவிட்டால் இன்னும் தள்ளியிருக்கும் பெரிய வால்வை மூடுவார்கள். ஒரு ஒழுங்கையோடு நிற்க வேண்டிய நீர்வெட்டு ஒரு வட்டாரத்துக்கே வரும். வால்வு எங்கே இருக்கிறது என்ற அறிவு பழைய வேலையாட்களின் ஞாபகத்தில் மட்டும் இருந்தால் அவர்கள் ஓய்வு பெறும் நாளில் அதுவும் போய்விடும்.

இதைச் சரிசெய்ய யாரைக் கேட்பது? ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம். மாகாண வீதிகள் மாகாணத்திடம், நகர வீதிகள் மாநகர சபையிடம். குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம். ஆற்றின் மட்டத்தை அளப்பது நீர்ப்பாசனத் திணைக்களம், கால்வாயைப் பார்ப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், மின்சாரம் இன்னொருவரிடம். இவர்கள் எல்லாரையும் ஒன்றுசேர்க்க 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது. அனர்த்தம் வந்த பிறகு அங்கே எல்லாரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். அந்த மேசை வீதிக்குத் தார் போடுவதற்கு முதல் மாதமே தேவைப்படுகிறது. ஜப்பானில் 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகு அவசரப் போக்குவரத்துக்கான வீதிகளை முன்கூட்டியே குறித்து வைத்தார்கள். அந்த வீதிகளின் பாலங்களுக்கும் ஓரத்துக் கட்டடங்களுக்கும் பலப்படுத்துவதில் முன்னுரிமை. கொழும்பிலும் தேசிய வைத்தியசாலைக்கும், பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கும், களுபோவில வைத்தியசாலைக்கும், அம்பத்தளைக்கும், மாளிகாகந்தைக்கும் போகும் பாதைகளை அப்படிக் குறித்து, மழையில் முதலில் தண்ணீர் நிற்கும் இடங்களையும் விழக்கூடிய மரங்களையும் அவற்றில்தான் முதலில் பார்க்க வேண்டும். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

எச்சரிக்கை மொழியைப் பற்றிப் பேசாமல் போவது நியாயமில்லை. டித்வா நாட்களில் அறிவித்தல்கள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவே இல்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. ஆற்று மட்டம் எந்த மணிக்கு எவ்வளவு உயரும், எந்த வீதி மூடப்பட்டது, எந்த இடத்துக்குப் பவுசர் வருகிறது என்ற மூன்று விஷயமும் அந்தந்த மணித்தியாலத்தில் தெரிய வேண்டியவை. மறுநாள் வரும் மொழிபெயர்ப்பால் ஒரு குடும்பத்துக்கும் பயனில்லை. கொழும்பு வடக்கிலும் வெள்ளவத்தையிலும் தமிழில் வாசிப்பவர்கள் எத்தனை பேர் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயமா என்ன? வட்டார மாநகர சபை உறுப்பினர்களும் கிராம உத்தியோகத்தர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டளவில் செய்யக்கூடியதைத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களில் பலர் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். 30 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் உள்ள ஒரு கட்டடம் சாதாரண நாளில் ஆளுக்கு 120 லீட்டர் செலவழித்தால் 14,400 லீட்டர் வேண்டும். மொட்டை மாடித் தொட்டி 5,000 லீட்டர் என்றால், கரன்ட் போய்ப் பம்ப் நின்ற பிறகு அது எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான் வரும். அதே தொட்டியை ஆளுக்கு 20 லீட்டர் என்று கட்டுப்படுத்தினால் இரண்டு நாளுக்கு வரும். ஆகவே மின்தடை அரை மணித்தியாலத்தைத் தாண்டினால் உடனே குளியலையும் துணி துவைப்பதையும் நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முகாமைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுமா, தண்ணீர்ப் பம்புக்கும் சேர்த்தா இணைக்கப்பட்டிருக்கிறது? நிலத்தடித் தொட்டியின் மூடி வெள்ள நீர் புகாத உயரத்தில் இருக்கிறதா? கரன்ட் இல்லாதபோது அந்தத் தொட்டியிலிருந்து வாளியால் எடுக்க வழி இருக்கிறதா, அதன் சாவி யாரிடம்? தனி வீட்டில் இருப்பவர்களுக்கும் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும் மூடியுள்ள கேன்களில் மூன்று நாள் குடிநீர் போதும். கிணறு இருந்தால் வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இட்டுச் சொல்லும் வரை அதைத் தொட வேண்டாம். நீர் வழங்கல் சபைக்கு 1939, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, தீயணைப்புக்கு 110 என்ற இலக்கங்களை மின்சாரம் போனாலும் வாசிக்கக்கூடியபடி தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.